அவர் பெயரில் அவள் எழுதியது

மாமனாரின் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு மூட்டு டாக்டர் சொன்ன ஆறுதல் வார்த்தை, மருமகள் எழுதியது.

“ஒண்ணும் பயப்பட வேணாம் ஐயா. புது மருந்து உங்க உடம்புக்குக் குடிவந்திருக்கு. சாமான் இறக்கி வைக்கிற வரைக்கும் கூடம் கொஞ்சம் அடைசலாத்தான் இருக்கும். தானா சரியாயிடும்.”

மாமனார் வாய்விட்டுச் சிரித்தார். டாக்டர் விரலை எடுத்த பிறகும் காலில் விழுந்த குழி அப்படியே இருந்தது. மருமகளுக்கு அந்தக் குழியிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

அவள் வேலை பார்த்த இடம் மருந்துக் கம்பெனி அல்ல. மருந்துக் கம்பெனிகளுக்காக, பெரிய டாக்டர்களின் பெயரில், கட்டுரைகளும் மேடைப் பேச்சுகளும் தயாரித்துக் கொடுக்கும் இடம். ஒரு மருந்து கடைக்கு வரப்போகிறது என்றால் அதைப் பற்றி மற்ற டாக்டர்களிடம் பேசுவதற்குப் பெயர்பெற்ற ஒருவரைப் பிடிப்பார்கள். அவருடைய பயணம், அறை, சன்மானம் எல்லாம் கம்பெனியின் பொறுப்பு. பேச வேண்டியதை இவள் எழுதுவாள். மருந்தியல் படித்தவள், எழுத்தும் சரளமாக வரும். அலுவலகத்தில் அவளுக்கு ‘வசனம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். “வசனம் வந்தாச்சா?”, “இத வசனத்துக்கிட்ட குடு” என்று தொடங்கி, கடைசியில் சம்பளப் பிரிவுக்குக்கூட அவளுடைய சொந்தப் பெயர் சட்டென்று வாயில் வராத நிலை.

இந்த மூட்டுவலி மாத்திரைக்கான பேச்சையும் கட்டுரையையும் அவள்தான் எழுதினாள். அதற்காகச் சோதனை அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து பின்னிணைப்பு வரை படித்தாள். வலி நிஜமாகவே குறைந்திருந்தது. ஆனால் வயதானவர்களில், கூடவே பிரஷர் மாத்திரையும் சாப்பிட்டவர்களில், சிலருக்குக் கால் வீங்கி, அதற்குப் பின்னால் சிறுநீரகம் கெட்டிருந்தது. ‘வீக்கம் கண்டால் உடனே மருந்தை நிறுத்தி ரத்தம் பார்க்க வேண்டும்’ என்று அவள் முதல் வரைவில் எழுதியிருந்தாள். அவளுடைய தலைமை அதிகாரி, எல்லாரும் மேடம் என்று கூப்பிடும் பெண்மணி, அதில் பேனாவால் ஒரு கோடு இழுத்தார்.

“இதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா இத இங்க வச்சா கேக்கறவங்க இத மட்டும்தான் ஞாபகம் வச்சிப்பாங்க. அட்டவணை கடைசில இருக்கட்டும். பாக்கறவங்க பாத்துக்கட்டும். வீக்கத்துக்கு இதமா ஒரு வரி போடு.”

அந்த வாரம்தான் அவள் குடும்பம் வீடு மாறியிருந்தது. கூடத்தில் பெட்டிகளுக்கு நடுவே பக்கவாட்டில் திரும்பித்தான் நடக்க வேண்டும். அந்த நினைப்பில் வந்து விழுந்தது சாமான் இறக்கும் வரி. மேடம் அதை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, “கைதட்டு வாங்கும்” என்றார். வாங்கியது. மூட்டு டாக்டர் அதை எத்தனையோ அரங்குகளில் பேசினார். கட்டுரையில் அவர் செய்த ஒரே திருத்தம், தன் பெயருக்குப் பின்னால் விட்டுப்போயிருந்த ஒரு பட்டத்தைச் சேர்த்தது.

அவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மாமனாருக்கு மூட்டு மோசமானபோது மேடம் ஒரே போனில் நேரம் வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கு வசனத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. டாக்டர் என்ன மருந்து எழுதுவார் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தன் மாமனாரும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்பது அன்றைக்கு அவளுக்கு நினைவு வரவில்லை. அல்லது, வந்த நினைவை அவள் உட்காரச் சொல்லவில்லை.

இப்போது கேட்டாள். “டாக்டர், ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிடலாமா? மாமா பிரஷருக்கும் மாத்திரை எடுக்கறாரு.”

டாக்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். அன்பான பார்வைதான். அவர் கெட்டவரில்லை. நோயாளியின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துப் பார்க்கிற டாக்டர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

“தேவைன்னா நானே எழுதுவேன்மா. கண்டதையும் படிச்சிட்டு மனச குழப்பிக்காதீங்க. ஆமா, நீங்கதானே எனக்கு டிக்கெட் போட்டுக் குடுக்கிற பொண்ணு? போன தடவ கழிப்பறை பக்கத்துல சீட்டு போட்டுட்டீங்க. வழியெல்லாம் வாசனைதான். இந்தத் தடவ முன்னாடி பாருங்க.”

“சொல்றேன் டாக்டர்” என்றாள். வேறு என்ன சொல்வது?

மேசை இழுப்பறையைத் திறந்து மாத்திரை அட்டைகளை எடுத்து அவள் கையில் வைத்தார். “இதுக்கெல்லாம் கடைக்குப் போகாதீங்க. நம்ம வீட்டு மனுஷங்க நீங்க.”

அட்டைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவள் நன்றி சொன்னாள்.

*

மாமனார் வேலையில் இருந்தவரை லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் கயிறும் கப்பியும் மாற்றியே வாழ்க்கை போயிற்று. மனைவி இறந்த பிறகு மகன் வீட்டோடு வந்துவிட்டார். புது வீடு மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. “ஊரையெல்லாம் மேல ஏத்திவிட்டேன். என்ன ஏத்திவிட ஒரு பய இல்ல” என்று சொல்லிக்கொண்டு ஜன்னலோரத்தில் உட்கார்ந்தவர், வெகுகாலம் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கழிப்பறைக்குப் போவதே பெரிய பயணம். முழங்காலைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பார். யாராவது பார்த்தால் பாட்டு முணுமுணுப்பதுபோல் நடிப்பார்.

புது மாத்திரை அவரை எழுப்பி நிறுத்தியது. அதை யாரும் மறுக்க முடியாது. முதலில் வாசல் வரை, பிறகு ஒரு மாடி, அப்புறம் தெரு. தெருமுனையில் இருந்த சைக்கிள் கடையில் அவருக்கென்று ஒரு முக்காலி ஏற்பட்டது. செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு அரசாங்கங்களை ஏற்றி இறக்கும் நாலைந்து பேர் அங்கே கூடுவார்கள். காலையில் போனால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திரும்புவார். வரும்போது சண்டை போட்ட உற்சாகம் முகத்தில் இருக்கும்.

டாக்டரிடமிருந்து திரும்பிய அன்றே அவள் பேச்சை எடுத்தாள்.

“மாமா, கொஞ்ச நாளைக்கு இந்த மாத்திரைய நிறுத்திப் பாக்கலாமா? கால் ரொம்ப வீங்கியிருக்கு.”

“நீ பக்கத்துலதானேம்மா இருந்த? சாமான் இறக்கிட்டிருக்காங்கன்னு அவரே சொன்னாரே.”

“அவர் சொன்னாரு. ஆனா...”

“என்ன ஆனா? எத்தன வருஷமா என் காலு என் பேச்சக் கேக்கல. அந்த மனுஷன் கேக்க வச்சாரு. இப்ப நீ நிறுத்துங்கற. நீ டாக்டரா?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். மறுநாள் சைக்கிள் கடைக்காரர் அவளை வழியில் பார்த்து, “பெரியவர் வீட்டுல சாமான் எல்லாம் இறக்கியாச்சா?” என்று கேட்டார். கடை முழுக்க அந்த வரி பரவியிருந்தது. தலைவலி, வாயுத்தொல்லை, மகனோடு மனஸ்தாபம் எதுவானாலும் அங்கே இப்போது சாமான் இறக்குவதுதான்.

கணவனிடம் சொன்னாள். அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவன். எதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வான்.

“அந்த வரி நீ எழுதினதா?”

“ஆமா.”

“பொய்யா?”

“பொய்யின்னு சொல்ல முடியாது. நெறைய பேருக்கு வீக்கம் தானா வடிஞ்சுதான் இருக்கு.”

“அப்புறம் என்ன?”

“வடியாதவங்களும் இருக்காங்க. அந்தப் பாதிய எடுத்துட்டாங்க.”

“எடுத்துட்டாங்களா? எடுத்தியா?”

அவன் சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தான், ஏற்கெனவே துடைத்ததைத் திரும்பவும். “அப்பாகிட்ட நேரா சொல்லிடு. உன் வாயாலயே சொல்லு” என்றான்.

அதுதான் அவளால் முடியவில்லை. எத்தனை தடவை ஆரம்பித்தாலும் மாமனார் ஒரு ஜோக் சொல்லிப் பேச்சைத் திருப்பிவிடுவார். அவளும் திரும்பிவிடுவாள்.

*

மேடத்தின் அறைக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். தைரியமாக யாரும் எதையும் வந்து சொல்லலாம் என்பதற்காக என்று அவரே சொல்லுவார். வசனம் போய் நின்றாள்.

“மேடம், அந்த மூட்டுவலி மருந்துப் பேச்சு. வீக்கத்தப் பத்தின எச்சரிக்கைய முன்னால கொண்டுவரலாம். நான் திருத்தித் தரேன்.”

“ஏன், என்ன திடீர்னு?”

“எங்க மாமனாருக்குக் கால் வீங்குது.”

மேடம் எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டார். நிஜமான பதற்றம். “ஐயோ, வேற ஒரு டாக்டர்கிட்ட உடனே காட்டு. லீவு எடுத்துக்கோ. யார் வேணாங்கறா?” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஆனா அந்தப் பேச்சுல கை வைக்கிறது நம்ம கையில இல்ல. கம்பெனி ஒப்புதல் குடுத்து, டாக்டர் கையெழுத்துப் போட்டு, அச்சாகி வந்தாச்சு. கம்பெனி அறிக்கைல பாத்ததையோ இங்க எழுதினதையோ வெளிய பேசறதில்லன்னு நீயும் நானும் கையெழுத்துப் போட்டிருக்கோம். இல்லையா?”

“ஆமா மேடம்.”

“உனக்காகத்தான் அந்த டாக்டர்கிட்ட நேரம் கேட்டேன். நான் யாருக்கும் அப்படிக் கேக்கறதில்ல.” இதைச் சொல்லிக்காட்டும் குரலில் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். அதனால்தான் அது அதிகமாக உறைத்தது.

வெளியே வந்து தன் மேசையில் உட்கார்ந்தபோது அவளுக்கு ஒன்று தெளிவாயிற்று. டாக்டருக்கு வெளிநாட்டுப் பயணம், அவளுக்கு மாமனாரின் சிகிச்சை. கொடுத்த கை ஒன்றுதான். அவர் வாங்கியதைப் பற்றி மனசுக்குள் எத்தனை நாள் கேலி செய்திருக்கிறாள்.

*

மூட்டு டாக்டரைத் தனியாகப் பார்க்கப் போனாள். டிக்கெட் விஷயம் என்று உதவியாளரிடம் சொன்னதும் வரிசையைத் தாண்டி உள்ளே விட்டார்கள்.

“சீட்டு கெடச்சுதாம்மா?”

“டாக்டர், நான் டிக்கெட் போடற பொண்ணு இல்ல. உங்க கட்டுரைய எழுதினது நான்தான். பேச்சும்.”

அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் முகம் மாறவில்லை. கைதான், மேசையில் கிடந்த ரப்பர் சுத்தியலை எடுத்து ஓரமாக நேர்படுத்தி வைத்தது.

“எழுத்துக் குழுன்னு ஒண்ணு உண்டுன்னு தெரியும். நாலஞ்சு பேரு இருப்பாங்கன்னு நெனச்சேன்.”

“நான் ஒருத்திதான். அந்தச் சோதனை அறிக்கையோட பின்னிணைப்பு பாத்தீங்களா டாக்டர்? பிரஷர் மாத்திரை சாப்பிடற வயசானவங்களோட அட்டவணை?”

“சுருக்கம் அனுப்புவாங்க. அதப் படிப்பேன்.”

“அந்தச் சுருக்கமும் நான் எழுதினதுதான்.”

அவள் கைப்பையிலிருந்து அந்தப் பக்கத்தின் நகலை எடுத்து நீட்டினாள். வெளியே எடுத்துப்போகக் கூடாத காகிதம். அவர் படித்தார். ஒரு முறை படித்துவிட்டு மேலிருந்து மறுபடி படித்தார். அவர் நல்ல டாக்டர் என்பது அந்த நேரத்தில் அவர் நெற்றியைப் பார்த்தாலே தெரிந்தது.

“அந்தச் சாமான் இறக்கற வரி...” என்று தொடங்கினார். “அத என் வரின்னே நெனச்சிட்டேன்மா. சொல்லிச் சொல்லி, ஏதோ நோயாளிகிட்ட நானே யோசிச்சுச் சொன்ன மாதிரி ஆயிடுச்சு.”

“இப்ப என்ன பண்ணலாம் டாக்டர்?”

“உங்க மாமனாருக்கு இன்னைக்கே நிறுத்திடுங்க. ரத்தப் பரிசோதனை எழுதறேன். பழைய மாத்திரையே போதும், வலி இருக்கும், பரவால்ல.” எழுதத் தொடங்கிவிட்டார். சீட்டைக் கிழித்து நீட்டினார்.

“மத்தவங்களுக்கு?”

அவர் பேனாவை மூடினார். “இந்த மருந்த முதல் மருந்தா குடுக்கலாம்னு சொன்ன கமிட்டிக்கு நான்தான் தலைவர். நூத்துக்கணக்கான டாக்டருங்க நான் சொல்லித்தான் எழுதறாங்க. நாளைக்கு எழுந்து நின்னு, அந்தக் கட்டுரை நான் எழுதல, அறிக்கைய நான் படிக்கலன்னு சொல்லட்டுமா? அப்புறம் நான் நல்லா தெரிஞ்சு சொல்றதையும் யாரு நம்புவாங்க?”

“அப்ப இப்படியே விட்டுடறதா?”

“எனக்கு யோசிக்க நேரம் வேணும்” என்றார். அந்தக் காகிதத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு மணியை அழுத்தினார். கதவு திறந்தது, அடுத்த நோயாளி, பருத்த உடம்புக்காரப் பெண், மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

காத்திருப்புக் கூடத்தைத் தாண்டிப் போகையில் அவள் யாரையும் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். பெஞ்சு பெஞ்சாகக் கால்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள், வார் இறுக்கும் என்பதால். ஒரு பெரியவர் நகர்ந்து அவளுக்கு வழிவிட்டு, “உள்ள லேட்டாகுமாம்மா?” என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தாள். தன் வீட்டு மனிதருக்கு மட்டும் கிடைத்த சீட்டு அவள் கைக்குள் மடங்கிக் கிடந்தது. அங்கேயே நின்று சத்தமாகச் சொல்லியிருக்கலாம். பித்துப் பிடித்தவள் என்று வெளியே அனுப்பியிருப்பார்கள், அவ்வளவுதானே. அவள் படியிறங்கினாள்.

*

டாக்டரே நிறுத்தச் சொல்லிவிட்டார் என்றதும் மாமனார் எதிர்வாதம் செய்யவில்லை. சிறுநீரகம் பிரித்து வெளியேற்றாத உப்பு ரத்தத்தில் ஏறியிருப்பதாகப் பரிசோதனையில் வந்தது. மாத்திரை அட்டைகளை மகனிடம் கொடுத்தார். நாலைந்து நாள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தார். பிறகு ஒருநாள் மெதுவாக எழுந்து சைக்கிள் கடைக்குப் போனார். அடுத்த நாளும் போனார். வலி போய்விட்டதா என்று கேட்டதற்கு, “மனசு வச்சா எல்லாம் நடக்கும்” என்றார். வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். நம்புவது சுலபமாக இருந்தது.

சைக்கிள் கடைக்கு அடுத்த கடை மருந்துக்கடை. பழைய சீட்டைக் காட்டினால் கேட்காமல் கொடுத்தார்கள்.

இதற்கு நடுவில் மேடம் ஒரு புது வேலையோடு வந்தார். “மூட்டு டாக்டரே கேட்டிருக்காரு. நோயாளியோட வீட்டுக்காரங்க கால் வீக்கத்தப் பத்திப் பயந்துபோய்க் கேள்வி கேட்டா என்ன பதில் சொல்லலாம்னு ஒரு பக்கம் வேணுமாம். கேள்வி பதில் மாதிரி. உனக்குத்தான் கை வந்த கலையாச்சே.”

யோசிக்க நேரம் வேண்டும் என்றவர் இதைத்தான் யோசித்திருந்தார். தன் கேள்விக்குத் தானே பதில் எழுத வேண்டும். அவள் நேர்மையாகவே எழுதினாள்: ‘கேள்வி நியாயமானது, மருந்தை நிறுத்தி ரத்தம் பாருங்கள்.’ மேடம் பேனாவை எடுத்தார். இரண்டாவது முறை கேட்டபடி எழுதித் தந்தாள். ‘அவர்கள் அக்கறையைப் பாராட்டுங்கள், பிறகு பேச்சை நோயாளி இப்போது நடப்பதன் பக்கம் திருப்புங்கள்.’

ஏன் எழுதினாள் என்றால், அந்த வாரம் மாமனார் மருத்துவமனையில் கிடந்தார். காலையில் பல் துலக்கும்போது மூச்சு வாங்கி, சுவரைப் பிடித்தபடி சரிந்துவிட்டார். உடம்பெல்லாம் நீர், நுரையீரல் வரை. மகன் சட்டைப் பையைத் துழாவியபோது பாதி தீர்ந்த மாத்திரை அட்டை கையில் வந்தது. அவருடைய கட்டிலுக்கும் ஊசிக்கும் ஆன செலவு, அவள் அலுவலகக் காப்பீட்டில் ஓடியது. வேலையை விட்டால் அது அன்றே நிற்கும். கணவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

மாமனார் பிழைத்துக்கொண்டார். சிறுநீரகம் பழைய நிலைக்கு வராது என்றார்கள். உப்பில்லாச் சாப்பாடு, அளந்து தண்ணீர். வீட்டுக்கு வந்ததும் மறுபடி அந்த நாற்காலி. ஆள் பாதியாகியிருந்தார். ஒரு சாயங்காலம் அவள் மருந்து கொடுக்க வந்தபோது, ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

“பையன் எல்லாத்தையும் சொல்லிட்டான்.”

அவள் டம்ளரோடு நின்றாள்.

“அந்தச் சாமான் வரி உன்னோடதாமே.”

“ஆமா மாமா.”

“நான் அத ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.” மடியில் கிடந்த துண்டை மடித்து வைத்தார். “நீ சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனான்னு கேக்கறியா? நிறுத்தியிருக்க மாட்டேன். நடக்கற ருசி அப்படி. ஆனா நீ சொல்லியிருக்கணும். நான் லிஃப்ட்டுல வேல பாத்தவன். கயிறு இழை பிரியுதுன்னா, ஆள் ஏறாதேன்னு போர்டு மாட்டிட்டுத்தான் சாப்பிடவே போவேன். ஏறறவன் ஏறட்டும், அது வேற.”

மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார். அதற்குமேல் அவளைத் திட்டவில்லை. அன்றிலிருந்து அவளிடம் ஜோக் சொல்வதையும் விட்டுவிட்டார்.

*

அடுத்த கூட்டம் நகரின் பெரிய ஹோட்டல் ஒன்றில். ஸ்லைடு நகர்த்துகிற ஆள் வரவில்லை என்று மேடம் அவளை அனுப்பினார். அரங்கின் பின்வரிசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சிறு ஊர்களிலிருந்து வந்த டாக்டர்கள் கழுத்தில் பெயரட்டையும் கையில் இலவசப் பையுமாக அமர்ந்திருந்தார்கள். மூட்டு டாக்டர் மேடையேறினார். அவள் எழுதிய நகைச்சுவைக்குச் சிரிப்பு வந்தது; அவள் குறித்துக் கொடுத்த இடத்தில் தண்ணீர் குடித்தார்.

வீக்கம் பற்றிய ஸ்லைடு வந்தது. டாக்டர் திரையைப் பார்த்தார். பிறகு இருட்டைத் தாண்டிப் பின்வரிசையைப் பார்த்தார். அவள் இருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

“அடுத்தது” என்றார்.

அவள் விரல் பட்டனின் மேல் தயங்கியது.

“அடுத்த ஸ்லைடு போடுங்க.”

போட்டாள். சாமான் வரியை அவர் சொல்லவில்லை. எச்சரிக்கையையும் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து கண்டுபிடித்து நுழைந்து போய்விட்டார். கூட்டத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கடைசியில் கைதட்டினார்கள். கேள்வி கேட்க ஒரு கை உயர்ந்தபோது, நேரமாகிவிட்டது, சாப்பாடு தயார் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

சாப்பாட்டுக் கூடத்தில் மடிக்கணினியின் கம்பிச் சுருளை மடித்துக்கொண்டிருந்தவளிடம், கையைத் தூக்கிய அந்த டாக்டரே வந்தார். நடுவயது, வெயிலில் கறுத்த முகம், சட்டைப் பையில் மை கசிந்த கறை.

“நீங்கதானே ஸ்லைடு போட்டது? நடுவுல ஒண்ணு ஓடிப்போச்சு. கால் வீக்கத்தப் பத்தி ஏதோ இருந்துது. எங்க ஊருல இந்த மாத்திரைய நெறைய பேருக்கு எழுதியிருக்கேன். ரெண்டு மூணு பேரு கால் வீங்கிட்டு வராங்க. அதத்தான் கேக்கணும்னு நெனச்சேன்.”

கூடத்தின் மறுகோடியில் மேடம் தட்டோடு நின்று கம்பெனிக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துப் புன்னகைத்தார். மூட்டு டாக்டரைச் சுற்றி ஆட்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கையெழுத்து, காப்பீடு, ஜன்னலோர நாற்காலி எல்லாம் வசனத்துக்கு ஒன்றாக நினைவு வந்தன. கம்பியை இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

“வீங்கினா நிறுத்திடணும்” என்றாள். குரல் தனக்கே கேட்காததுபோல் இருந்தது. “தானா வடியும்னு காத்திருக்கக் கூடாது. பிரஷர் மாத்திரை சாப்பிடற வயசானவங்களுக்கு இத ஆரம்பிக்கவே வேணாம். ஏற்கெனவே சாப்பிடறவங்களுக்கு உடனே ரத்தத்துல உப்பு பாருங்க. அறிக்கையோட பின்னிணைப்புல, கடைசி அட்டவணைல இருக்கு. நீங்களே கேட்டு வாங்கிப் படிங்க.”

அவர் அவள் பெயரட்டையைத் தேடினார். அவளுக்குப் பெயரட்டை கொடுத்திருக்கவில்லை. “இது யார் சொன்னதுன்னு எழுதிக்கட்டும்? எங்க சங்கத்துல பேசணும்னா ஒரு பேரு வேணும்.”

அவள் மூட்டு டாக்டர் இருந்த பக்கம் பார்த்தாள். அவர் யாரோ ஒருவரின் தோளில் கை போட்டுப் படத்துக்காகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“டாக்டர் சொன்னாருன்னு எழுதிக்கோங்க” என்றாள். “அவர்தான் சொன்னாரு.”

மை கசிந்த பேனாவால் அவர் கைதுடைக்கும் காகிதத்தில் எழுதிக்கொண்டார். பெயரின் பின்னால் பட்டங்களையும் விடாமல் சேர்த்தார். காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பசி தாங்காதவர்போல் சாப்பாட்டு வரிசையின் பக்கம் போனார். அங்கே நின்றுகொண்டிருந்த இன்னொரு டாக்டரிடம் ஏதோ சொன்னார். அந்த ஆள் திரும்பி மூட்டு டாக்டரைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

மேடம் கையசைத்துக் கூப்பிட்டார். வசனம் கம்பிச் சுருளைப் பைக்குள் திணித்தாள். ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. அதை இழுத்து மூடிவிட்டு அவரை நோக்கி நடந்தாள்.